அதுவே இது என்பது எவ்வாறு?

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'அதுவே இது' என்பதுபோல எளிதாகத் தோன்றுவது பிறிதொன்றில்லை. நேற்றுக் கண்ட விளக்கை இன்று கண்டு 'அதுவே இது' என்கின்றோம். பத்தாண்டின் முன் பிரிந்த நண்பனைக் கண்டு 'அவனே இவன்' என்கின்றோம். இவ்விரு கூற்றும் ஒருதன்மையவோ வேறோ என்பதும், உறுப்புக்கள் மாறிய பின்னரும் ஒரு பொருளை 'அதுவே' என்று கூறும் உரிமை எதனால் வருவது என்பதும், அவ்வுரிமை கெடாமற் காத்தற்கு உடையான் செய்யும் கடமை யாது என்பதும் ஆராயற்பாலன. இத்தகைய ஆராய்ச்சிக்குக் குடத்தையும் ஆடையையும் எடுத்துக்காட்டாகக் கோடல் வழக்கு. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது பழைய மோட்டார் வண்டியொன்று. இஃதென்ன புதுமை என்று அன்பர்கள் நகையாதிருப்பாராக. குடம் உடைந்தால் எறியப்படும். ஆடை கிழிந்தால் மாற்றப்படும். உறுப்பு உறுப்பாகப் பிரித்து, அழிந்தது களைந்து, நல்லது நிறுத்தி, அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றனையே காத்துவரும் வழக்கம் இவ்வண்டிகளிடத்துத் தெளிவாகக் காணப்படுதலின், மேற்கூறிய வினா இங்கே கூர்மை பெறுகின்றது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே தேம்சு ஆற்றங்கரையில் ஆபிங்டன் என்னும் ஊர் உளது. விரைவும் உவகையும் கருதிச் சிறிதாகச் செய்யப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களை, எம். ஜி. என்னும் பெயரால் 1929-ஆம் ஆண்டு தொடங்கி அவ்வூர்த் தொழிற்சாலை செய்துவந்தது. அவற்றுள் எம். ஜி. பி. என்பது 1962-ஆம் ஆண்டில் வெளிவந்து, 1980-ஆம் ஆண்டுவரை, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையினதாகச் செய்யப்பட்டது. 1980-ஆம் ஆண்டிலேயே அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஈன்ற தாயை இழந்த மகவுபோல, எஞ்சிய வண்டிகள் அதுமுதல் தம்மை உடையாரது கையையே நம்பி நிற்கின்றன. ஆகலின், பகலெல்லாம் அலுவலகத்தில் எழுதுவோரும் பள்ளியிற் கற்பிப்போரும் மாலையிலும் விடுமுறையிலும் தம் வீட்டுக் கொட்டிலில் ஸ்பானரும் விளக்கும் கொண்டு இவ்வண்டிகளின் கீழே கிடத்தலை அந்நாட்டிற் காணலாம்.

இவ்வண்டிக்கு உடலின் வேறாகச் சட்டகம் என்பதொன்று இல்லை. எஃகுத் தகடுகளை வளைத்து ஒன்றோடொன்று பற்றவைத்து இயற்றிய உடலே சட்டகமுமாம். திறந்த வண்டியில் மேலே பிணிக்குங் கூரை இல்லாமையால், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் இணைத்து நிற்பன, இரு கதவுகளின் கீழும் ஓடும் பெட்டிபோன்ற அடிவிட்டங்களே. ஒவ்வோர் அடிவிட்டமும் வெளித்தகடு, உள்ளே செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு, அடியில் நின்று தாங்குந் தகடு முதலியன கூடியது. கண்ணுக்குப் புலனாவது வெளித்தகடே. சுமையைத் தாங்குவது அவையெல்லாம் ஒருங்கு கூடியே. முன்சக்கரம் எறியுஞ் சேறு அதனைச் சார்ந்து தங்க, நீர் வடியுந் துளைகள் அடைபட, ஈரம் உள்ளே நின்றுவிடும். குளிர்காலத்து அந்நாட்டுச் சாலைகளில் உறைபனி கரைதற்பொருட்டு உப்பிடுவர். நீருங் காற்றும் இரும்பைத் துருவாக்கும் வினையை அவ்வுப்பு விரைவுபடுத்தும். துரு பெரும்பாலும் உள்ளிருந்தே அரித்து வருவதாகலின், வெளியே வண்ணத்திற் கொப்புளம் எழும்பொழுது உள்ளே பெரும்பகுதி அழிந்திருக்கும்.

இவற்றைக் காப்பார் செய்யுந் தொழில் இரண்டு: பேணுதலும் புதுக்குதலும். முன்சக்கரங்கள் திரும்புதற்கு இடமாகிய முளைகளுக்குக் குறித்த தொலைவு ஓடுந்தோறும் கிரீஸ் ஏற்றுதலும், இரட்டைக் கார்புரேட்டர்களின் மேற்குழல்களிற் சிறிது எண்ணெய் வார்த்தலும், அதிர்ச்சி தாங்கும் உறுப்புக்களில் எண்ணெய் குறையாமற் பார்த்தலும், காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கெடும் இயல்புடைய பிரேக் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுதலும் பேணுதலாம். காலம் மாறுதலாற் புதிய கவலைகளும் வரும். ஈயங் கலந்த பெட்ரோல் அந்நாட்டில் 1999-ஆம் ஆண்டிறுதியோடு பொது விற்பனையினின்றும் நீங்கவே, எஞ்சினின் வால்வு இருக்கைகளைக் கடியனவாக மாற்ற வேண்டியதாயிற்று. 2021-ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்த பெட்ரோல் வரவே, பழைய இரப்பர்க் குழாய்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அழிந்த தகட்டை அறுத்தெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்தலும், எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்தன களைந்து மீளக் கோத்தலும் புதுக்குதலாம். பேணுதல் நாள்தோறுஞ் செய்யப்படுவது, புகழ் தாராதது. புதுக்குதல் என்றோ ஒருகாற் செய்யப்படுவது, பலரும் புகழ்வது. பேணுதலிற் பிழைத்ததன் பயனே பெரும்பாலும் புதுக்குதலாய் வந்து நிற்கும்.

இனி, இக்கட்டுரைக்கு ஏதுவாகிய நிகழ்ச்சியைக் கூறுவாம். சில ஆண்டுகட்கு முன் யாம் அந்நாட்டில் தங்கியிருந்த காலத்து எமக்குப் பழக்கமான அன்பர் ஒருவர், 1969-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திறந்த எம். ஜி. பி. வண்டியொன்று உடையராயிருந்தார். அதனை வாங்கிய ஞான்று, 'அடிவிட்டங்கள் புதியன' என்று எழுதிய தாளொன்றும் உடன்வந்தது. விற்றவரும் அத்தாளைத் தமக்கு முன்னவரிடமிருந்து பெற்று நம்பியவரே. மூன்றாண்டு தம் சிறுமகளை அருகே இருத்தி அவ்வண்டியை ஓட்டிவந்த அன்பர், ஒருநாள் மகள் அமரும் பக்கத்துக் கதவு சற்றே இறங்கி, மூடுதற்குப் பிணங்குதல் கண்டு ஐயுற்றார். அப்பக்கத்து வெளித்தகட்டை அறுத்தெடுத்தார். யாமும் உடனிருந்தேம். உள்ளே பழைய துருத்தகட்டின் ஓட்டைகள்மேற் சிறு தகடுகள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றின் இடைவெளியிற் பட்டி பூசப்பட்டிருந்தது. பட்டி விழாமல் நிற்றற்பொருட்டுச் செய்தித்தாள் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. நடுத்தகடு விரலால் அழுத்தப் பொடியாய் உதிர்ந்தது. தாளில் எழுதியது முழுப்பொய்யும் அன்று, வெளித்தகடு புதியதே. மெய்யின் ஒரு கூற்றைக் கொண்டு பொய்யை மூடிய செயல் அது.

குளிர்காலம் நெருங்கியிருந்தது. வேறொரு வெளித்தகடு வாங்கி முன்போல மூடிவிடின் ஒரு வாரத்தில் வேலை முடியும், உள்ளழிந்தன யாவுங் களைந்து செப்பனிடின் அடுத்த வேனில்வரை ஆகும், பொருட்செலவும் பன்மடங்காம். அன்பர் எம்மை நோக்கினார். 'இப்பொழுதைக்கு மூடிவிடலாமே, உள்ளே யார் காணப்போகிறார்?' என்று யாம் சொன்னேம். அவர் நெடுநேரம் வாளா நின்று, பின்பு, 'எனக்கு முன் இதை மூடியவனும் இதையே சொல்லியிருப்பான்' என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. மெய்ப்பொருள் ஆராய்வேம் என்று சொல்லிக்கொள்ளும் யாம், வாயிலிருந்து இயல்பாக எழுந்த அறிவுரை இத்தன்மைத்தாயிற்றே என்று நாணினேம். எதனாற் பிழைத்தேம் என்று பின்னர் ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், 'அதுவே இது' என்பது எதனாற் பெறப்படும் என்பதனை ஆராய்வாம். உறுப்புக்களின் தொகுதியே பொருள் என்பார் ஒருசாரார். அங்ஙனமாயின், ஓர் ஆணியை மாற்றிய அளவிலே தொகுதி வேறாய்ப் பொருளும் வேறாதல் வேண்டும். கணந்தோறும் பொருள் வேறாம் என்னும் கணபங்கவாதியின் கூற்றோடு இது சென்று முடியும். சக்கரத்து இரப்பரை மாற்றியவன் வேறு வண்டியில் வீடு திரும்பினான் என்று உலகங் கூறாமையின் அது பொருந்தாது. அற்றேல், பெரும்பகுதி நிற்கப் பொருள் நிற்கும், பெரும்பகுதி மாறப் பொருள் மாறும் என்னலாமோ எனின், வண்டிகளைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகம் பல்லாண்டு இத்தகைய கணக்கொன்றனைக் கையாண்டது. சட்டகத்துக்கு அல்லது கட்டுடலுக்கு 5 எண், உடலைத் தாங்கும் வில்லமைப்புக்கு 2, அச்சுக்களுக்கு 2, விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் கியர்ப் பெட்டி முதலியவற்றுக்கு 2, திருப்பும் அமைப்புக்கு 2, எஞ்சினுக்கு 1, இவற்றுள் 8 எண் பெற்ற வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பது அக்கணக்கு. வண்டிக்கு உயிர் என்று பலரும் கருதும் எஞ்சினுக்கு ஒரே எண் அளித்தமை நோக்கத்தக்கது. இக்கணக்கு வழக்குத் தீர்த்தற்குப் பயன்படும். உண்மை துணிதற்குப் பயன்படாது. என்னை? 8 பெற்ற வண்டி 'அதுவே' எனவும், 7 பெற்றது 'வேறு' எனவும் ஆதற்குப் பொருளிடத்து ஏதும் இல்லாமையின் என்க.

வடிவே பொருளின் ஒருமைக்கு ஏது என்பார் மற்றொரு சாரார். உறுப்பு எத்துணை மாறினும் வடிவு மாறாதாயின் அதுவே என்பர். இதற்கு மறுப்பு அவ்வண்டியின் வரலாற்றிலேயே உளது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனத்தார், தகடுகளை வடித்த பழைய அச்சுக்களைத் தேடிச் சேர்த்து, 1988-ஆம் ஆண்டில் எம். ஜி. பி.யின் முழுவுடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். துருப்பிடித்த பழைய உடலை ஒழித்து, எஞ்சின் முதலியவற்றை இப்புதிய உடலில் மாற்றிக்கொண்டார் பலர். பழைய அச்சிற் செய்தமையின் வடிவில் வேற்றுமை இல்லை. ஆயினும் அவ்வுடல் ஆபிங்டனைக் கண்டதும் அன்று, 1969-ஆம் ஆண்டில் ஓடியதும் அன்று. ஒரே குயவன் வனைந்த ஒரே வடிவினவாகிய இரு குடங்கள் ஒரு குடம் ஆகாமைபோல, வடிவொப்புமை ஒருமையைத் தாராது. ஒப்பு வேறு, ஒருமை வேறு.

பெயரும் எண்ணும் நிற்கப் பொருள் நிற்கும் என்பாருமுளர். வண்டியின் எண் பொறித்த சிறுதகடு, ஓரிரு ஆணிகளால் உடலிற் பொருத்தப்படுவது. ஓருடலினின்றும் கழற்றி மற்றோருடலிற் சேர்த்தற்குச் சிறிதுபொழுது போதும். பெயர் பொருளைத் தொடர்வதன்றிப் பொருளை ஆக்குவது அன்று.

இவ்வினா பழமையானது. தீசியு என்னும் வீரனது கப்பலை, பழுதுற்ற பலகை களைந்து புதுப்பலகை இட்டு ஏதென்சு நகரத்தார் நெடுங்காலம் காத்தனர் என்றும், அது பழைய கப்பலோ அன்றோ என மெய்ந்நூலார் வழக்கிட்டனர் என்றும் கிரேக்க அறிஞர் புளூட்டார்க்கு எழுதினார். களைந்த பழம்பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து அம்முறையே மற்றொரு கப்பல் இயற்றின் எது பழையது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஹாப்சு வினவினார். புதிய உடலுக்கு மாறிய எம். ஜி. பி.யிடத்து இவ்வினா வெறுங் கற்பனையன்று. ஒழித்த பழைய உடலை மற்றொருவர் எடுத்துச் செப்பனிட்டு ஓட்டுவாராயின், 'அதுவே இது' என்பார் இருவராவர்.

நீதிமன்றமும் இவ்வினாவுக்கு விடை கூறியதுண்டு. பிரான்சு நாட்டு லெமான் நகரத்தில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில், 1929, 1930 ஆகிய ஈராண்டும் வென்றது பெந்திலி நிறுவனத்தாரது வண்டியொன்று. 'பழைய முதலெண்' என்பது அதன் பெயர். அது 1932-ஆம் ஆண்டில் வேறு எஞ்சின் பூட்டி மாற்றப்பட்டு, அவ்வாண்டே புரூக்லண்ட்ஸ் பந்தயக்களத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிர்நீத்தார். பின்னர் மீளவும் வேறுவடிவிற் கட்டப்பட்டது. பல்லாண்டு கழித்து அதனை ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க உடன்பட்டவர், 'இது அவ்வண்டியன்று' என்று மறுக்கவே, வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்து 1990-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. வென்ற நாளில் இருந்த உறுப்புக்களுள் எஞ்சியன மிகச் சிலவே என்பதனை நீதிபதி மறுத்திலர். ஆயினும், அழிந்துபோய்ப் பின்னர்ப் புதிதாய் ஆக்கப்பட்டதன்று. ஒருநாளும் அறாத வரலாறுடையதாய், ஒவ்வொரு மாற்றமும் அறியப்பட்டதாய் வந்தமையின், அப்பெயர்க்கு அவ்வண்டி உரியதே என்று துணிந்தார். தொடர்ச்சியே ஒருமைக்கு ஏது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

யாம் அக்கருத்தை உடன்படுகின்றேம். எனினும் அதன்மேல் ஒன்று கூறவேண்டியதுளது. தொடர்ச்சி உளதாதல் ஒன்று. அஃது அறியப்படுதல் மற்றொன்று. மனிதனிடத்து உடம்பின் உறுப்புக்கள் இளமை தொட்டு மாறிவரினும், 'அன்று கண்ட யானே இன்று காண்கின்றேன்' என்று தன்னை உணரும் அறிவு உள்நிற்றலின், 'அவனே இவன்' என்பதற்குரிய சான்று அவனுள்ளேயே உளது. சடப்பொருளுக்கு அது கூடாது. வண்டி தன்னை அறியாது. தன் நேற்றை நினையாது. தன்னுள் மூடிய பொய்யைத் தான் வெளியிடாது. அதன் தொடர்ச்சி அதனிடத்தே நிகழ்ந்ததாயினும், அத்தொடர்ச்சியை அறிதல் அதனைக் காத்தாரிடத்தேயே நிற்கும். காட்சியளவையால் அறியப்படுவது அதன் இன்றைய நிலை, அதனுள்ளும் புறத்தோற்றமே. இறங்கிய கதவைக் கண்டு அழிந்த அடிவிட்டத்தைத் துணிதல்போலச் சில கருதலளவையால் அறியப்படும். ஆயின் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எது மாறிற்று, எது நின்றது, எவர் எக்காரணத்தான் மாற்றினார் என்பன, உரையளவையான் அன்றி அறியப்படா. உரையளவைக்கு ஆற்றல் உரைப்பானது வாய்மையினின்றும் வருவது. ஆகவே, தன்னை அறியாத பொருளின் ஒருமை, அதனைக் காப்பாரது வாய்மையின்கண் தங்கியுளது என்பது எமது துணிபு.

இத்துணிபினின்றும் காப்போனது கடமை பெறப்படும். பொருளிற் செய்த மாற்றத்தை மறைப்பவன், தகட்டை மாத்திரம் மறைத்தானல்லன். அதன் வரலாற்றை அறுத்தவனாவான். அன்றியும், அவன் செய்த தீங்கு அவனோடு ஒழிவதன்று. எம் அன்பர்க்கு விற்றவர் பொய்யர் அல்லர். அவர் தாம் நம்பியதனையே உரைத்தார். பிறன் ஒருவன் மூடிவைத்த பொய், பொய்யறியாத அவர் வாயினின்றும் மெய்போலப் பிறந்தது. நேரே சொல்லும் பொய் சொன்னானை மாத்திரம் பொய்யனாக்கும். பொருளுள் மூடிய பொய்யோ பின்வரும் நல்லோரையும் அறியாமற் பொய்யுரைக்கச் செய்யும். இதனினும் கொடியது, அப்பொய்யின்மேல் ஒரு குழந்தை மூன்றாண்டு அமர்ந்திருந்தமை. அவ்வண்டியின் பக்கத்தே மற்றொன்று மோதியிருப்பின், தாங்கவேண்டிய இடத்திற் செய்தித்தாளே இருந்தது.

இதற்கு எழுந்த தடைகளையும் ஆராய்வாம். வாங்குவோன் ஆராய்ந்து வாங்குதல் வேண்டும். ஏமாறுதல் அவன் குற்றம் என்பர் சிலர். அறுத்தாலன்றி அறியலாகாததனை ஆராய்க என்பது, நெல்லை வறுத்துப் பார்த்து விதைநெல் வாங்குக என்பதனோடு ஒக்கும்.

சட்டங் கேளாததனை யாம் கேட்பதேன் என்பர் சிலர். பிரிட்டனில் ஆண்டுதோறும் வண்டிகளைச் சோதித்தல் விதி. 40 ஆண்டு கடந்தனவும் பெரிதும் மாற்றப்படாதனவுமாகிய வண்டிகளுக்கு, 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அச்சோதனையினின்றும் விலக்களிக்கப்பட்டது. ஆயினும் வண்டியைச் சாலையில் ஓடுதற்குத் தக்க நிலையில் வைக்குங் கடமை விலக்கப்படவில்லை. அஃது உடையான்மேலேயே நிற்கின்றது. காண்பாரது கண் நீங்கியவிடத்துக் கடமையும் நீங்கியதென்று கொள்வான், முன்னர்ச் செய்துவந்ததும் கடமையன்று, அச்சமே என்பதனைத் தானே காட்டினவனாவான். 'உள்ளே யார் காணப்போகிறார்' என்ற எம் சொல்லின் குற்றம் இதுவே.

யான் விற்கப்போவதில்லை, என் பொருளை என் விருப்பப்படி செய்வேன் என்பர் சிலர். பொருள் உடையானுக்கு முன் உண்டானது. அவனுக்குப் பின்னும் நிற்கும். விற்கப்படாத வண்டியும் ஒருநாள் பிறர் கையிற் செல்லும். அந்நாள் அவன் உரைத்தற்கு இரான். அதுவரையும் சாலையில் எதிர்வருவார் உயிர்க்கும் அவன் கடன்பட்டவனே.

இனி, துறவறம் பூண்ட பெரியோர் எழுப்புதற்குரிய தடையொன்று உளது. அதனை எளிதில் தள்ளலாகாது. 'அழியும் இயல்பினதாகிய இரும்பின்மேல் இத்துணைப் பொழுதும் பொருளும் செலவிடுதல் பற்றினை வளர்ப்பதன்றோ? துருப்பிடிப்பது துருப்பிடிக்க, அதனைவிட்டு மேற்செல்லுதலே அறிவு' என்பது அது. இதில் உண்மை உண்டு. மனைவி மக்களது தேவையைப் புறக்கணித்து வண்டிக்கே பொருளிறைப்பாரும், பிறரது வண்டியினும் தமது ஒளிர்தல்வேண்டும் என்னும் செருக்கால் நல்ல பழைய உறுப்பையும் எறிந்து புதியது பூட்டுவாரும் உளர். அவர்செயல் பேணுதலன்று, பற்றே. ஆயின் பற்றும் பேணுதலும் தோற்றத்தால் ஒத்தும் இயல்பால் வேறாவன. வேறுபாடறிதற்கு ஓர் அளவுகோல் கூறுவாம். பற்றுடையான் பிறர் காணுமிடத்தைத் துலக்குவான். பேணுவான் எவருங் காணாவிடத்தைச் செப்பனிடுவான். பற்றுடையான் 'என்னுடையது' என்பான். பேணுவான் 'என் கையில் வந்துளது' என்பான். பழஞ்சுவடியைப் பெயர்த்தெழுதுவான் ஒருவன், செல்லரித்த இடத்திற் புள்ளியிட்டு வெற்றிடம் விடுதலும், மற்றொருவன் தன் சொல்லையே பெய்து மூலமென்று நிரப்புதலும் போல்வன இவை. முன்னவன் தன்னை மறந்து சுவடியைக் காத்தான். பின்னவன் சுவடியை மறைத்துத் தன்னைக் காட்டினான். அழியும் பொருளை அழியாததென்று மயங்குதலே பற்று. அழிவதென்று அறிந்தே, தன் கையில் உள்ள துணையும் அதற்குத் தீங்கும் பொய்யும் நேராமற் பார்த்தல் அறம்.

இவ்வறத்தினின்றும் மூன்று முறைமை பெறப்படும். நிற்றற்குரிய பழைய உறுப்பு எதனையும் அழகு கருதி எறியாமை ஒன்று. அது வரலாற்றுக்குச் சான்று ஆகலின். அழிந்ததனை முற்றும் களைந்து, நல்லிரும்பு காணுந்துணையும் சென்று, அதன்மேற் புதியதனைச் சேர்த்தல் இரண்டு. துருவின்மேற் பற்றவைத்தது நில்லாது ஆகலின். செய்த மாற்றம் யாவற்றையும், தன் குறையோடு கூட, எழுதிவைத்தல் மூன்று. இம்மூன்றும் உளவாயின், எத்துணை உறுப்பு மாறினும் 'அதுவே இது' என்று நாணாமற் கூறலாம். ஓர் உடலுக்கு இருவர் உரிமை கூறும் வழக்கினும், எது பழையது என்று துணிதற்கு முன்னே செய்யற்பாலது, இரண்டன் வரலாற்றையும் மறையாது உரைத்தலேயாம். உண்மை முற்றும் உரைக்கப்பட்டபின் பெயரைப் பற்றிய வழக்குப் பெரும்பாலும் சிறுத்துவிடும், எவரும் ஏமாற்றப்படாராகலின்.

எம் அன்பர் அவ்வாறே செய்தார். அடிவிட்டத்தை அறுக்குங்கால் திறந்த உடல் வளைந்துவிடும் ஆகலின், கதவு நிற்குமிடத்தின் குறுக்கே இரும்புச் சட்டங்களை முன்னர்ப் பிணித்தார். உடலின் சுமை இயல்பாக அமையுமாறு தாங்கிகளை வைத்து, ஒரு பக்கம் முடித்த பின்னரே மறுபக்கம் தொடங்கினார். துருவை வெட்டி வெட்டி ஒளிரும் இரும்பு காணுந்துணையும் சென்றார். நடுத்தகடும் கீழ்த்தகடும் புதியன வைத்துப் பற்றவைத்தார். முடிவில் உள்ளறையெல்லாம் உருகிய மெழுகைப் பீச்சி, வடியுந் துளைகளைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, நாளும் செயலும் குறித்து ஓர் ஏட்டில் எழுதினார். பற்றவைத்தது தமக்கு நிறைவு தாராத ஓரிடத்தையும், அஃது இன்னவிடம் என்று மறையாமல் அவ்வேட்டிற் குறித்தார். தமக்கு விற்றவருக்கும், பழிகூறும் நோக்கமின்றி, கண்டதனை எழுதியனுப்பினார். குளிர்காலமும் இளவேனிலும் கழிந்தன. வண்டி சாலைக்கு மீண்டபொழுது அக்கதவு ஒரு கைத்தொடுதலில் மூடிற்று.

அவ்வண்டி பிறிதொருவர் கைக்குச் செல்லும் நாளில் அவ்வேடும் உடன்செல்லும். அதனைப் பெறுவார் அடிவிட்டத்தை அறுத்துப் பாராமலே அதன் உள்ளை அறிவர். அறிந்தவாறே பிறர்க்கும் உரைப்பர். அவ்வேட்டில் எழுதப்படாதது ஒன்றே: மூடிவிடலாம் என்று யாம் சொன்ன சொல். அன்பர் எம்மேற்கொண்ட கண்ணோட்டத்தால் அதனை விட்டார். அதனை ஈண்டு எழுதிவைத்தேம்.